பஞ்சுத் தூசிக்குள் ஒரு கம்ப்யூட்டர்

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகிற வழியெல்லாம் நூற்பாலைகள். மில்லுக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தால் ரிங் ஃபிரேம்களுக்கு மேலே ஒரு தண்டவாளம் தெரியும். அதில் ஒரு கிளீனர் ஓயாமல் போய் வந்துகொண்டிருக்கும். மிஷின் மேல் படிந்ததை ஊதித் தள்ளும், தரையில் விழுந்த பஞ்சை உறிஞ்சிக்கொள்ளும். ஸ்பிண்டிலுக்கு எண்ணெய் விட ஒரு நாள், ரப்பர் காட்ஸைத் தேய்த்துச் சீராக்க ஒரு நாள், கார்டிங் கம்பியைத் தீட்ட ஒரு நாள் என்று மெயின்டனன்ஸ் வேலை முறை வைத்து நடக்கும். பஞ்சு எங்கே போய் அடையும், அடைந்தால் என்ன ஆகும் என்று இந்த ஊர்த் தொழிலாளிக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

அவர் வீட்டுக் கம்ப்யூட்டரின் கதை வேறு. பிள்ளையின் படிப்புக்காகக் கடன் வாங்கி வைத்தது. வாங்கிய நாளிலிருந்து அதன் பக்கவாட்டுத் தகட்டை யாரும் கழற்றிப் பார்த்ததில்லை. மூன்றாம் வருடம் ‘ஸ்லோ ஆயிருச்சு’ என்கிறார்கள். நான்காம் வருடம் தானாக ஆஃப் ஆகிறது. ஐந்தாம் வருடம் புதிதாக ஒன்று வாங்கப் பேச்சு எழுகிறது. எட்டு, பத்து வருடம் உழைக்க வேண்டிய இயந்திரம் பாதி ஆயுளில் மூலைக்குப் போய்விடுகிறது.

வேகம் குறைந்தால் நம் சந்தேகம் முதலில் வைரஸ் மேல்தான் விழுகிறது. இந்த வட்டாரத்தில் அதைவிடக் கூடுதலாகக் கம்ப்யூட்டரைத் தின்பவை தூசியும் சூடும் கரண்டும் என்பதே என் எண்ணம். மூன்றையும் வீட்டிலேயே கவனித்துக்கொள்ளலாம். அதற்கு மாதத்தில் அரை மணி நேரமும் ஒரு பெயின்ட் பிரஷ்ஷும் போதும்.

உள்ளே என்னதான் நடக்கிறது? பிராசசரின் மேல் அலுமினியத் தகடுகளை நெருக்கமாக அடுக்கிய ஒரு பாளம் இருக்கிறது. ஹீட் சிங்க் என்பார்கள். அதன் மேல் ஒரு விசிறி. பிராசசரின் சூடு பாளத்துக்கு ஏறும், விசிறி அதைக் காற்றில் கரைக்கும். அந்தத் தகடுகளுக்கு நடுவே இருக்கிற இடைவெளி ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். ஆடிக் காற்றில் வரும் செம்மண் புழுதி, வேலை முடிந்து வருபவர் சட்டையில் ஒட்டி வரும் பஞ்சு, அடுப்படியிலிருந்து தாளிப்புப் புகையோடு மிதந்து வரும் எண்ணெய்ப் பிசுக்கு, இவை மூன்றும் அந்த இடைவெளியில் சேர்ந்தால் கம்பளி விரித்தது போல ஒரு படலம் உருவாகிவிடும். பிறகு விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் காற்று உள்ளே புகாது.

பிராசசர் இதைத் தாங்கிப் பார்க்கும். பெரும்பாலான பிராசசர்களுக்கு 100 டிகிரி செல்சியஸை ஒட்டி ஒரு எல்லை உண்டு. அதை நெருங்கியதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ‘ஸ்லோ ஆயிருச்சு’ என்று நாம் சொல்வதில் பாதி இதுதான். இன்னும் சூடு ஏறினால் மொத்தமாக நின்றுவிடும். சித்திரை, வைகாசியில் அறையே 38 டிகிரியில் கொதிக்கும்போது, விசிறி உள்ளே இழுப்பதும் அந்தச் சூட்டுக் காற்றைத்தான். குளிரில் தாக்குப்பிடித்த கம்ப்யூட்டர் கோடையில் படுத்துக்கொள்வதற்குக் காரணம் இது.

சுத்தம் செய்வது எளிது, ஆனால் முறை இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள். உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் சிப்பில் இறங்காது. காய்ந்த, மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, கை புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது விசிறியை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் தாறுமாறாகச் சுற்றினால் அதன் பேரிங் போய்விடும். சிலர் கேபினட்டை வண்டியில் வைத்துப் பஞ்சர் கடைக்கோ வாட்டர் சர்வீஸுக்கோ கொண்டுபோய்க் காற்றடிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கம்ப்ரசர் காற்றில் ஈரமும் எண்ணெயும் கலந்து வரும். இன்னொன்று, பின்பக்கம் கரண்ட் நுழைகிற எஸ்எம்பிஎஸ் பெட்டியை வெளியிலிருந்து ஊதுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டருக்குள் 300 வோல்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும்.

இந்த வேலையை வெட்டவெளியில், மூக்கில் துணி கட்டிக்கொண்டு செய்யுங்கள். மில் ஓரத்து வீடு என்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மற்ற வீடுகளில் வருடத்துக்கு இரண்டு முறை. பிராசசருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட் மூன்று நான்கு வருடத்தில் காய்ந்து பொடிந்துபோகும். அதை மாற்றுவதைக் கைப்பழக்கம் உள்ளவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. லேப்டாப்பைத் திறக்கவும் அப்படியே.

தூசியோடு கூடவே வருபவை உயிரினங்கள். கேபினட்டின் பின்பக்கத்தில் கார்டு செருகும் இடங்களை மூடியிருக்கும் சிறு தகடுகள் காணாமல் போயிருந்தால், பல்லிக்கு அது கதவு. உள்ளே எப்போதும் கதகதப்பு. முட்டை வைக்கும், மின்சுற்றின் மேல் நடந்து தானும் செத்து போர்டையும் சாகடிக்கும். கீபோர்டு பக்கத்தில் முறுக்கும் மிக்சரும் வைத்துக்கொண்டு வேலை பார்த்தால் எறும்பு வரிசை கட்டும். எலி வயரைக் கடிக்கும். மருந்து அடித்து இதைத் தீர்க்க முடியாது. மருந்தின் ஈரமே போர்டைக் கெடுக்கும். ஓட்டைகளைத் தகடு வைத்து அடைப்பதும், மேஜையில் தின்பண்டம் வைக்காததும்தான் வழி.

ஆன் ஆகிறது, விசிறி சுற்றுகிறது, ‘பீப், பீப்’ என்று கத்துகிறது, டிஸ்ப்ளே மட்டும் வரவில்லை. இந்தப் புகாரோடு வரும் டெஸ்க்டாப்பை வாங்கியதும் சர்வீஸ் கடைத் தம்பி முதலில் தேடுவது ஒரு பென்சில் ரப்பரை. ராமைக் கழற்றி, அதன் தங்கப் பூச்சுள்ள கால்களை ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டுத் திரும்பச் செருகுவார். பல நேரம் உயிர் வந்துவிடும். இதில் மந்திரம் எதுவும் இல்லை. ஈரக்காற்றும் தூசியும் சேர்ந்து கால்களில் படிந்த மெல்லிய அழுக்கு மின்தொடர்பை அறுத்திருந்தது. இதை நீங்களே செய்யலாம். ‘போர்டு போயிருச்சு’ என்று யாராவது சொல்வதற்கு முன்னால் ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்.

கரண்டு செய்யும் கொலை

2012-ல் தமிழகத்தின் வெளி மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. இன்று அந்த நிலைமை இல்லை. ஆனால் அப்போது வாங்கிய பழக்கங்கள் வீட்டில் தங்கிவிட்டன. அவற்றில் ஒன்று இன்வெர்ட்டர். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்ட பிறகும் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது என்று பலர் குறைபடுகிறார்கள். காரணம் இது. எஸ்எம்பிஎஸ், வெளியிலிருந்து மின்சாரம் வராமல் ஏறக்குறைய 16 மில்லி செகண்ட் தாக்குப்பிடிக்கும். ஒரு செகண்டில் அறுபதில் ஒரு பங்கு. சாதாரண முறையில் ஓடும் இன்வெர்ட்டர் மாறுவதற்கு அதைவிடக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளலாம். பல இன்வெர்ட்டர்களில் ‘யுபிஎஸ்’ என்று எழுதிய ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டால் மாறும் நேரம் சுருங்கும். வாங்கி ஐந்து வருடமாகியும் அந்தச் சுவிட்சைத் தொடாத வீடுகள் நிறைய இருக்கும். இன்று போய்ப் பாருங்கள்.

இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் டெஸ்க்டாப்புக்கு ஒரு சிறு யுபிஎஸ் கட்டாயம் வேண்டும். அது தருவது பத்து நிமிடமாக இருந்தாலும் போதும். ஃபைலைச் சேமித்து முறையாக ஷட் டவுன் செய்வதற்குத்தான் அந்தப் பத்து நிமிடம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஹார்டு டிஸ்க்கில் அரைகுறையாக நிற்கும் ஃபைல்கள் விண்டோஸையே எழவிடாமல் செய்யும். யுபிஎஸ்ஸுக்குள் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் இரண்டு, மூன்று வருடம்தான். அதன் பிறகு யுபிஎஸ் வெறும் பெட்டி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முக்கியமான வேலை எதுவும் திறந்திராதபோது, மெயின் சுவிட்சை அணைத்துச் சோதியுங்கள்.

லேப்டாப்புக்கு ஸ்டெபிலைசர் வாங்கச் சொன்னால் கேட்காதீர்கள். சார்ஜரின் மேல் பொடி எழுத்தில் 100–240 வோல்ட் என்று போட்டிருக்கும். வோல்டேஜ் இறங்கி ஏறுவதை அது தானே சமாளிக்கும். அதனால் தாங்க முடியாதவை இரண்டு. ஒன்று இடி. திண்டுக்கல் சமவெளிக்குச் சித்திரையில் கோடை மழையும், ஐப்பசி கார்த்திகையில் பருவமழையும் இடியோடு வரும். வானம் கருத்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. இன்டர்நெட் ரவுட்டரின் அடாப்டரையும், அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் கேபிளையும் சேர்த்துப் பிடுங்க வேண்டும். இரண்டாவது, நியூட்ரல் அறுவது. காற்றில் மரக்கிளை விழுந்து தெருக் கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்தால் 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400 வரைகூட வரும். பல்பு திடீரென்று கண்ணைக் கூசுகிற அளவுக்கு எரியும், ஃபேன் பேய் மாதிரி சுற்றும். அந்த நொடியில் மெயினை அணைக்க வேண்டும் என்று வீட்டில் எல்லாருக்கும், குழந்தைகளுக்கும், சொல்லி வையுங்கள்.

கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று கை கூசுகிறதா? அது எர்த் இல்லை என்பதன் அறிகுறி. எஸ்எம்பிஎஸ் கொஞ்சம் கசிவு மின்சாரத்தை எப்போதும் எர்த்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். போக வழியில்லாவிட்டால் அது கேபினட்டில் தங்கும். மூன்றாவது காலை உடைத்துவிட்டு டூ பின்னில் செருகிய பிளக்கும், பழைய வீட்டில் வறண்டுபோன எர்த் குழியும் இதற்குக் காரணம். கரியும் உப்பும் போட்ட எர்த் குழிக்குக் கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவதை முந்தைய தலைமுறை மறக்காமல் செய்தது. இப்போதும் அதைச் செய்ய வேண்டும். இது கம்ப்யூட்டரை மட்டுமல்ல, ஆளையும் காப்பாற்றும்.

பரணில் கிடக்கும் அரசு லேப்டாப்

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். தமிழக அரசின் எல்காட் நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்தது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் டூ பிள்ளைகளுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் போய்ச் சேர்ந்தன. நிலக்கோட்டைப் பூ விவசாயி வீட்டுக்கும், சின்னாளபட்டி நெசவாளி வீட்டுக்கும், நத்தம் பக்கத்து மாந்தோப்புக் கூலிக்காரர் வீட்டுக்கும் வந்த முதல் கம்ப்யூட்டர் பெரும்பாலும் அதுதான். இதைவிடப் பெரிய கம்ப்யூட்டர் கல்வி இந்த மாநிலத்தில் நடந்ததாக நான் நினைக்கவில்லை. அதைக் கொச்சைப்படுத்திப் பேசுபவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு.

ஆனால் லேப்டாப்போடு ஒரு பராமரிப்புப் பாடம் போய்ச் சேரவில்லை. மெத்தையிலும் தலையணையிலும் வைத்துப் பார்த்ததில் அடிப்பக்கத்துக் காற்றுத் துளைகள் அடைபட்டன. இரவும் பகலும் சார்ஜரிலேயே கிடந்ததில் பேட்டரி செத்தது. பிள்ளை திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போனதும் பரணுக்குப் போனது. 2020 ஊரடங்கில், வகுப்புகள் திரைக்கு வந்தபோது, தம்பி தங்கைக்காக அதை இறக்கிப் பார்த்த வீடுகளில் பல லேப்டாப்கள் எழுந்திருக்கவே இல்லை.

லித்தியம் அயான் பேட்டரிக்குப் பிடிக்காதவை இரண்டு: சூடும், இரண்டு ஓரங்களும். முழுதாக வடிந்து கிடப்பதும் அதற்குக் கேடு, எப்போதும் நூறு விழுக்காட்டில் நிற்பதும் கேடு. 20-க்கும் 80-க்கும் நடுவே வைத்திருந்தால் நீண்ட நாள் உழைக்கும். மேஜையிலேயே வைத்து வேலை பார்ப்பவர்கள், லேப்டாப் கம்பெனி தரும் செயலியில் சார்ஜை 60 அல்லது 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிட வேண்டும். மாதக்கணக்கில் எடுத்து வைப்பதாக இருந்தால் பாதி சார்ஜில் அணைத்து, பரணில் அல்லாமல் பீரோவில் வையுங்கள். தகரக் கூரைக்கு அடியில் இருக்கும் பரண் பகலில் அடுப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாதிக்கு ஏற்றுங்கள். டச்பேடு மேலே தூக்கிக்கொண்டு நின்றாலோ, அடிப்பக்கம் புடைத்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அதை அழுத்தக் கூடாது, சார்ஜ் போடக் கூடாது, உடனே கழற்றக் கொடுக்க வேண்டும். குத்தினால் தீப்பிடிக்கும்.

பரணில் கிடக்கும் அந்த லேப்டாப்புக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். முதல் வருடங்களில் வந்தவற்றில் 2 ஜிபி ராமும் 320 ஜிபி ஹார்டு டிஸ்க்கும் இருந்தன. பின்னால் வந்தவற்றில் 4 ஜிபி. லேப்டாப் ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் ஒரு தட்டு. அதன் முள் ஒரு தகவலைத் தேடிப் போய் எடுக்கப் பத்து மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். சுற்றுகிற பாகமே இல்லாத எஸ்எஸ்டிக்கு அதில் நூறில் ஒரு பங்கு நேரம் போதும். பழைய லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, ராமை இரட்டிப்பாக்கினால் புது லேப்டாப் விலையில் ஒரு சிறு பங்குதான் செலவு. ஐந்து நிமிடம் எடுத்துத் திறந்த இயந்திரம் அரை நிமிடத்தில் திறக்கும்.

இயந்திரம் சரியானாலும் அதில் ஓடும் விண்டோஸ் ஒரு சிக்கல். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14-ல் நின்றது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ல் நின்றது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை நீட்டித்திருக்கிறார்கள். விண்டோஸ் 11 பழைய பிராசசர்களை ஏற்காது. அப்டேட் நின்றால் என்ன என்று கேட்பவர்கள் 2017 மே மாதத்தை நினைத்துப் பார்க்கலாம். வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், கொடுத்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

இதற்காக லேப்டாப்பைத் தூக்கிப்போட வேண்டாம். அரசு லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது பலருக்கு நினைவிருக்கலாம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய இயங்குதளம் அது. அதையோ, லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பையோ போட்டால் 4 ஜிபி ராமில் நன்றாக ஓடும். பிரவுசர், வீடியோ, கடிதம், கணக்கு, தமிழ்த் தட்டச்சு எல்லாம் உண்டு. பணமும் இல்லை, திருட்டுப் பிரதியான கிராக்கும் வேண்டாம். தெருவில் கிடைக்கும் கிராக் விண்டோஸைப் போடும்போது அது முதலில் கேட்பது விண்டோஸின் வைரஸ் காவலான டிஃபெண்டரை அணைக்கச் சொல்லித்தான். காவலாளியை அனுப்பிவிட்டு வீட்டுக்குள் விடச் சொல்பவரை நாம் எப்படி நம்புவது?

மென்பொருள் பக்கம் மற்ற வேலைகள் சொற்பம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே எழுந்துகொள்ளும் தேவையற்ற செயலிகளை நிறுத்துங்கள். சி டிரைவில் ஐந்தில் ஒரு பங்கை எப்போதும் காலியாக விடுங்கள். எஸ்எஸ்டிக்கு டிஃப்ராக் செய்ய வேண்டாம். வேகப்படுத்தும் கிளீனர் என்று விளம்பரம் வரும் எதையும் போட வேண்டாம். கம்ப்யூட்டரின் தேதி பழைய வருடத்துக்குப் போய், எந்த இணையதளமும் திறக்க மறுத்தால் பயப்படாதீர்கள். மதர்போர்டில் இருக்கும் ரூபாய் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கிறது. கடிகாரக் கடையில்கூடக் கிடைக்கும்.

எல்லாப் பராமரிப்புக்கும் மேலே நான் வைப்பது பேக்கப். ஹார்டு டிஸ்க் ஒருநாள் நிற்கத்தான் செய்யும். ‘டிக், டிக்’ என்ற சத்தம் கேட்டால் அது விடைபெறுகிறது. மகளின் சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பத்திரத்தின் ஸ்கேன், இறந்துபோன தாத்தாவின் ஒரே புகைப்படம், இவற்றின் பிரதி வேறு இரண்டு இடங்களில் இருக்க வேண்டும். ஒன்று வெளி டிஸ்க்கில், இன்னொன்று இணையத்திலோ உறவினர் வீட்டிலோ. டிஸ்க்கை எப்போதும் செருகியே வைக்காதீர்கள். ரான்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

நமக்கு ஆயுத பூஜை இருக்கிறது. அன்றைக்கு மில்லில் மிஷின்களுக்கு மாலை விழும், வீட்டில் கம்ப்யூட்டர் மானிட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் ஏறும். பொட்டைத் தகட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, காற்றுத் துளைகளை விட்டுவிடுங்கள். சாம்பிராணியைச் சற்றுத் தள்ளியே காட்டுங்கள். பூஜைக்கு முந்தைய நாள் செய்யும் சுத்தத்தில் கம்ப்யூட்டரின் உள்பக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

கவனிக்காமல் விட்ட கம்ப்யூட்டர் கடைசியில் குப்பைக்குத்தான் போகும். ஐக்கிய நாடுகளின் கணக்குப்படி 2022-ம் ஆண்டில் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் முறைப்படி மறுசுழற்சிக்குப் போனது 22.3 விழுக்காடு. இதற்கிடையே 2025-ம் ஆண்டு பட்ஜெட்டில் தமிழக அரசு, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக அறிவித்தது. இந்த முறை ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தமிழில் ஒரு தாள் இருக்க வேண்டும். மெத்தையில் வைக்காதே, 80-ல் சார்ஜைப் பிடுங்கு, இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கு, வருடத்துக்கு இரண்டு முறை தூசி தட்டு, பேக்கப் எடு என்று ஐந்தாறு வரி போதும். கூடவே ஒன்று. காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழக மாணவர்கள் 1956-லிருந்து கிராமங்களுக்குப் போய்ப் பணி செய்கிறார்கள். மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகள், பாலிடெக்னிக்குகள், ஐடிஐக்கள் இருக்கின்றன. ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் இவர்கள் ஒன்றியத்துக்கு ஓர் ஊரில் உட்கார்ந்து, பரணிலிருந்து வரும் லேப்டாப்களைத் திறந்து தூசி தட்டி, லினக்ஸ் போட்டுக் கொடுக்கலாம். சரிசெய்யவே முடியாதவற்றை அங்கேயே வாங்கி, பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்கு அனுப்பிவிடலாம்.